ஃபெரரின் கால்கள்: சேலத்துச் செம்மண்ணில் ஸ்பெயின் பாணிப் பயிற்சி

"பையன் நல்லாத்தான் அடிக்கிறானுங்க சார், உயரம்தான் பத்தல." சேலத்தில் டென்னிஸ் கோர்ட் ஓரம் நிற்கும் அப்பாக்களின் கவலை பெரும்பாலும் இதுதான். அவர்களிடம் எடுத்துக் காட்ட வேண்டியவர் நடாலோ அல்கராஸோ அல்ல. ஸ்பெயினின் டேவிட் ஃபெரர். உயரம் 175 செ.மீ. சர்வில், அதாவது புள்ளியைத் தொடங்கும் முதல் அடியில், பெரிய வேகம் கிடையாது. இருந்தும் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போனவர்.

அவருடைய கணக்கை வருட வாரியாகப் பார்த்தால்தான் பயிற்சித் திட்டம் புரியும். ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரை ஊரான ஹாவியாவில் 1982-ல் பிறந்தார். 2000-ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 2002-ல் புக்கரெஸ்டில் முதல் பட்டம். 2007-ல் யு.எஸ். ஓபன் அரையிறுதி. 2012-ல் மட்டும் ஏழு பட்டங்கள், அதில் ஒன்று பாரிஸ் மாஸ்டர்ஸ். 2013 பிரெஞ்சு ஓபனில் ஒரு செட்டைக்கூட இழக்காமல் இறுதிக்கு வந்து, அங்கே நடாலிடம் 6-3, 6-2, 6-3 என்று தோற்றார். அடுத்த மாதம், 31 வயதில், உலகின் மூன்றாம் இடம். 2019 மே மாதம் மாட்ரிட்டில் விடைபெற்றபோது கையில் 27 பட்டங்கள். ஃபெடரரோடு 17 முறை மோதி ஒருமுறைகூட ஜெயித்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கால்களை நம்பி ஆடும் இந்த முறைக்கு ஒரு கூரை உண்டு. ஆனால் அந்தக் கூரை நம்மில் பெரும்பாலோர் நினைப்பதைவிட மிக உயரத்தில் இருக்கிறது.

பதினெட்டு வயதில் ஆரம்பம், முப்பத்தொன்றில் உச்சி. நடுவில் பதின்மூன்று வருடம் தாங்கியவை கால்கள். ஆகவே 10 முதல் 14 வயதுக்குள் செய்ய வேண்டியது கோப்பை சேர்ப்பதல்ல. அந்தக் கால்களைக் கட்டுவதும், சர்வைத் திருப்பி அடிக்கும் கண்ணைப் பழக்குவதும்தான். இரண்டுக்கும் ஸ்பெயின்காரர்கள் நம்பியிருப்பது மெதுவான செம்மண் தளத்தை. மண்ணில் பந்து வேகம் குறைந்து, மேலே எழும்பி வரும். ஒரே அடியில் புள்ளி கிடைக்காது. இன்னும் நான்கைந்து பந்துக்கு ஓடியே ஆக வேண்டும். பிள்ளைக்குக் கோச் கத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பொறுமையைத் தரையே சொல்லிக் கொடுத்துவிடும்.

முழுக் கோர்ட் வேண்டாம், ஒரு பட்டை போதும்

பாரிஸில் ரோலண்ட் காரோஸ் தளத்தின் மேலே தெரியும் சிவப்பு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செங்கல் தூள்தான். அதற்குக் கீழே அரைத்த சுண்ணாம்புக் கல், அதற்கும் கீழே நிலக்கரிச் சாம்பல் கட்டி, ஜல்லி, பெருங்கல் என்று அடுக்கு. சிவப்பு என்பது வெறும் மேல்பூச்சு. வேலை செய்வது கீழே உள்ள அடுக்குகள்: மழைத் தண்ணீரை இறக்குவதும், வெயிலில் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அவைதான். இது தெரியாமல் வெறும் செம்மண்ணைக் கொட்டி ரோலர் ஓட்டினால் முதல் மழையில் சேறு, அடுத்த வெயிலில் புழுதி.

முழுக் கோர்ட் அமைக்க நிறைய இடமும் பணமும் வேண்டும். பயிற்சிக்கு, பேஸ்லைனை (கோர்ட்டின் பின்பக்கக் கடைசிக் கோட்டை) ஒட்டி 40 அடி அகலம், 20 அடி ஆழத்துக்கு ஒரு பட்டை போதும். கோட்டுக்கு உள்ளே 7 அடி, வெளியே 13 அடி. ஓட்டமும் சறுக்கும் பெரும்பாலும் அந்த 800 சதுர அடிக்குள்தான் நடக்கின்றன.

எட்டு அங்குலம் தோண்டிக்கொள்ளுங்கள். அடித்தரையை ரோலர் விட்டு இறுக்கி, பின்பக்கம் பார்த்து 20 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுங்கள். மேஸ்திரி மொட்டைமாடிக்குக் கொடுப்பது மாதிரி அதிகச் சரிவு கொடுக்கப் பார்ப்பார். விடக்கூடாது. சரிவு கூடினால் மழையில் செங்கல் தூள் மொத்தமும் ஓரத்துக்கு ஓடிவிடும். பிறகு 40 எம்.எம். ஜல்லி நான்கு அங்குலம். இறுகுவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மூன்றேகால் யூனிட் வரும் (யூனிட் என்றால் 100 கன அடி). அதன்மேல் சிப்ஸ் ஜல்லி இரண்டு அங்குலம், ஒன்றரை யூனிட் சொச்சம். அதற்கு மேல் சலித்த செம்மண் ஒன்றரை அங்குலம், ஒன்றேகால் யூனிட். ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்துத் தனித்தனியாக உருட்ட வேண்டும். மூன்றையும் கொட்டிவிட்டுக் கடைசியில் ஒரே தடவை உருட்டினால் இரண்டு மாதத்தில் அங்கங்கே குழி விழும். சறுக்கும் கால் அந்தக் குழியில்தான் மாட்டும்.

மண்ணைத் தேர்ந்தெடுக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் திரி போல உருட்டுங்கள். சுண்டுவிரல் பருமன் வரை உருண்டு, அதற்கும் மெல்லியதாக்கும்போது உடைந்தால் சரியான மண். பென்சிலைவிட மெலிதாக நீண்டுகொண்டே போனால் களி அதிகம், காய்ந்ததும் வெடிக்கும். ஆற்று மணல் கலந்துகொள்ளுங்கள். உருட்டவே வரவில்லை என்றால் மணல் அதிகம். கரிசல் பக்கமே போக வேண்டாம்.

இப்போது மேல்பூச்சு. 800 சதுர அடிக்கு இரண்டு மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 150 லிட்டர் தூள், அதாவது காலி சிமென்ட் சாக்கில் நாலரை சாக்கு. காற்றிலும் ஷூவிலும் போவதை ஈடுகட்ட இன்னும் அதே அளவு கையிருப்பு வேண்டும். சூளையில் உடைசல் செங்கல் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். சரியாக வேகாத வெளிறிய கல்லை ஒரு துண்டு உடைத்து இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால் காலையில் கரைந்து கலங்கியிருக்கும். அது தளத்தில் சேறாகும். அளவுக்கு மீறி வெந்து கறுத்து, கண்ணாடி மாதிரி பளபளக்கும் கல் இன்னும் மோசம். அதன் தூள் கூர்மையாக இருக்கும், விழுந்தால் முழங்காலைக் கிழித்துவிடும். நடுவாக வெந்து, தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும் சிவப்புக் கல்தான் வேண்டும். கல்லை நனைத்துக்கொண்டு உடையுங்கள், மூக்கில் முகக்கவசம் கட்டாயம். செங்கல் தூசு நுரையீரலுக்கு ஆகாது. இரண்டு எம்.எம். கண் சல்லடையில் சலித்து, கையால் விதை தூவுவது போலத் தூவி, தண்ணீர் தெளித்து, ஒரே ஒருமுறை லேசாக உருட்டினால் போதும்.

கோடு போட வெள்ளைக்கல் கோலப்பொடியே போதும். அளந்து, கயிறு கட்டி, இரண்டு அங்குல அகலத்தில் போட வேண்டும். தினமும் அழியும், தினமும் போட வேண்டும். கோலம் போட்டுப் பழகிய கை அங்கே இருந்தால் கோச்சுக்கு ஒரு வேலை மிச்சம்.

பராமரிப்பு இரண்டே வேலை. ஆட்டம் முடிந்ததும் தண்ணீரில் நனைத்த சணல் சாக்கை ஒரு சட்டத்தில் கட்டி, ஓரத்திலிருந்து தொடங்கி வட்டமாக உள்நோக்கி இழுக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே இழுத்தால் தூள் மெல்ல மெல்ல ஓரம் ஒதுங்கி, நடுவில் வழுக்கைத் தரை தெரியும். பிறகு 150 லிட்டர் தண்ணீர், பூவாளியில். கோடையில் காலை ஆட்டத்துக்கு முன்னும் ஒரு தடவை. கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அதுதான் பதம்.

சறுக்கு: அடித்த பிறகல்ல, அடிப்பதற்கு முன்

மட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மூன்று அடி நடந்து, நான்காவது அடியில் வெளிக் காலை நீட்டிச் சறுக்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரருக்கு ஃபோர்ஹேண்ட் பக்கம் (மட்டை பிடித்த கையின் பக்கம்) என்றால் அது வலது கால். பாதம் வலையையும் பார்க்காமல், ஓடும் திசையையும் பார்க்காமல், இரண்டுக்கும் நடுவில் சாய்வாக நிற்க வேண்டும். முழங்கால் மடங்கி, உடல் எடை அந்தக் காலின் உள் விளிம்பில் விழ வேண்டும். இடது கால் பின்னால் இழுபட்டு வரட்டும். இரண்டு மூன்று அடி தூரம் சறுக்கினால் போதும். பக்கத்துக்குப் பத்து தடவை, மூன்று சுற்று. ஒரு வாரம் இது மட்டும்.

பிறகு கையால் பந்து போடுங்கள். பந்தை அடிக்கும் நொடியில் சறுக்கு அடங்கிக்கொண்டிருக்க வேண்டும். சிமென்ட் தரையில் பழகிய பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தவறு, முதலில் அடித்துவிட்டுப் பிறகு சறுக்குவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சறுக்கு அவனைக் கோர்ட்டுக்கு வெளியே இரண்டு அடி கூடுதலாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வர அந்த இரண்டு அடியையும் சேர்த்து ஓட வேண்டும், எதிராளிக்குப் பாதி மைதானம் காலி. இன்னொரு தவறு முழங்காலை விறைப்பாக வைத்துச் சறுக்குவது. அதில் தொடை இடுக்குத் தசை பிடித்துக்கொள்ளும், ஆற மூன்று வாரம்கூட ஆகலாம். வலைக்கு அருகே விழும் குட்டைப் பந்துக்கு முன்னோக்கிச் சறுக்கும்போது மட்டும் பாதம் நேராகவும், விரல் பக்கம் சற்றே தூக்கியும், குதிகால் முதலில் உரசும்படியும் இருக்கட்டும்.

கூடையிலிருந்து பந்து

கூடையிலிருந்து கோச் பந்து போட்டுக்கொண்டே இருக்க, பிள்ளை ஓடி ஓடி அடிப்பது: ஸ்பெயின் பயிற்சியின் முதுகெலும்பு இது. பாட்டோ அல்வாரெஸ், லூயிஸ் புருகேரா போன்ற கோச்சுகளால் பரவிய முறை. புருகேராவின் மகன் செர்ஜி 1993, 1994 இரண்டு வருடமும் பிரெஞ்சு ஓபனை வென்றார். தேவைப்படுவது ஐம்பது பழைய பந்து, ஒரு கூடை, இரண்டு சவுக்குக் கம்பு, ஒரு தேங்காய்நார்க் கயிறு.

கம்புகளை வலையின் இரு ஓரமும் நட்டு, தரையிலிருந்து எட்டு அடி உயரத்தில் கயிறு கட்டுங்கள். பேஸ்லைனுக்குப் பின்னாலிருந்து அடிக்கும் பந்து கயிற்றுக்கு மேலே போக வேண்டும். கோர்ட்டுக்கு உள்ளே வந்து அடிப்பது கயிற்றுக்கும் வலைக்கும் நடுவில் போக வேண்டும். 'டாப்ஸ்பின் போடு, டாப்ஸ்பின் போடு' என்று நூறு தடவை சொல்வதைவிட அந்தக் கயிறு வேகமாகக் கற்றுக்கொடுக்கும். பந்தை வேகமாக அடித்துக் கயிறு தாண்ட வைத்து, கோட்டுக்குள்ளும் விழ வைக்கச் சுழற்சியைத் தவிர வேறு வழி கிடையாது.

கோச் அதே பக்கம், பிள்ளைக்கு மூன்று நான்கு மீட்டர் முன்னால் நின்று கையால் பந்து போட வேண்டும். மட்டையால் போட்டால் வேகம் கூடும், கால் சோம்பேறியாகும். முதலில் 'வி' வடிவம்: ஒரு பந்து சர்வீஸ் கோட்டருகே (வலைக்கும் பேஸ்லைனுக்கும் நடுவில் உள்ள கோடு) ஃபோர்ஹேண்டுக்கு, அடுத்தது பேஸ்லைனுக்குப் பின்னால் பேக்ஹேண்டுக்கு (மறுபக்கத்துக்கு), மறுபடி முன்னே. ஆறு பந்து ஒரு செட். இரண்டு வாரம் கழித்து 'எக்ஸ்': முன் வலது, பின் இடது, முன் இடது, பின் வலது என நான்கு மூலை. ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் மையத்தைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எட்டு பந்து ஒரு செட். செட்டுக்கு நடுவே 25 நொடி ஓய்வு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விதி அனுமதிக்கும் நேரமும் அதுதான். மூன்று செட்டுக்கு ஒருமுறை 90 நொடி உட்காரலாம். பக்கம் மாறும் இடைவேளையின் அளவு அது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே நான்கு செட், மேலே ஆறு. அதற்கு மேல் வேண்டாம்.

எப்போது நிறுத்துவது என்பதை எண்ணிக்கை முடிவு செய்யக்கூடாது. அடிப்பதற்கு முன் போடும் சின்னக் குதி, ஸ்ப்ளிட் ஸ்டெப், காணாமல் போனால் செட் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். களைத்த காலோடு இன்னும் பத்து பந்து அடித்தால் அந்தத் தப்பான பத்துதான் உடம்பில் பதியும். ஃபெரரின் உழைப்பைப் பற்றிப் படித்துவிட்டுப் பிள்ளையை மூன்று மணி நேரம் ஓட்டும் அப்பாக்கள் மறப்பது இதைத்தான்.

கடைசி பத்து நிமிடம் ஒரே வேலை: பேக்ஹேண்ட் மூலைக்கு வரும் பந்தைச் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்டால், எதிராளியின் பேக்ஹேண்ட் மூலைக்கு. ஃபெரர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டது அந்த அடியில்தான். சுற்றி ஓடும்போது பெரிய அடி இரண்டு வைக்காமல் சின்ன அடி நான்கைந்து வைக்க வேண்டும். இல்லையென்றால் பந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

சர்வைத் திருப்புவது

குட்டையான ஆட்டக்காரர் தன் சர்வில் சம்பாதிக்காததை எதிராளியின் சர்வில்தான் சம்பாதிக்க வேண்டும். கோச் பேஸ்லைனில் நிற்காமல் சர்வீஸ் கோட்டில், வலையிலிருந்து 6.40 மீட்டர் தூரத்தில் நின்று முக்கால் வேகத்தில் சர்வ் போடட்டும். பெரிய பையன் முழு வேகத்தில் போட்டால் கிடைக்கும் அதே குறுகிய நேரம்தான் பிள்ளைக்குக் கிடைக்கும். பிள்ளை பேஸ்லைனுக்கு ஒரு மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். மட்டை பந்தில் படும் 'டப்' சத்தத்தின்போது கால்கள் காற்றில் இருந்து, அடுத்த கணம் தரையைத் தொட வேண்டும். பந்து வலையைத் தாண்டிய பிறகு குதித்தால் காலம் கடந்துவிட்டது. இலக்கு மூலையல்ல, எதிர்ப் பேஸ்லைனின் நடுவே இரண்டு மீட்டர் சதுரம். இருபதில் பதினான்கு விழுந்தால் அரை அடி முன்னே நில்லுங்கள். பத்துக்குக் கீழே போனால் பின்னே.

மண் பட்டை கிடைக்காமல் சிமென்ட் கோர்ட்டில் இதையெல்லாம் செய்வதானால் செட் எண்ணிக்கையைப் பாதியாக்கி, சறுக்கை முழுவதும் விட்டுவிடுங்கள். மட்டைக்குப் பாலி (பாலியெஸ்டர்) நரம்பும் பதினான்கு வயது வரை வேண்டாம். சாதா சிந்தெடிக் நரம்பு, 50 பவுண்டு இழுப்பு போதும். விறைப்பான நரம்பில் முழங்கைதான் அடி வாங்கும்.

வெயிலும் வயிறும்

சித்திரையில் சேலம் 40 டிகிரியைத் தொடும். காலை 5.45 முதல் 7.45 வரை, மாலை 5 மணிக்கு மேல். நடுவில் கிடையாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 40 கிலோ பிள்ளைக்கு 800 கிராம் குறைந்திருந்தால் உடல் எடையில் இரண்டு சதவீதம் நீராகப் போயிருக்கிறது, குடித்தது போதவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு இடைவேளைக்கும் 150 மில்லி, மிடறு மிடறாக. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ்.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு சாப்பிட நம்மூர்ச் சரக்கே இருக்கிறது. ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, எளிதில் செரிக்கும். வெல்லம் போட்ட கஞ்சி ஒரு டம்ளர் குடிக்கலாம். ஆனால் அதில் புரதம் இல்லை. முடித்த அரைமணிக்குள் முட்டையோ சுண்டலோ வேண்டும். சேலத்துத் தெருக்கடைத் தீனியான தட்டுவடை செட் ஞாயிற்றுக்கிழமைக்கு.

ஏற்காட்டுக்குப் போனால்

கோடை விடுமுறையில் குளிர்ச்சிக்காக முகாமை மேலே மாற்றுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு. கீழே வாங்கிய புதுப்பந்து அங்கே துள்ளி எழும்பும், வேகமாகப் பறக்கும். சேலத்தில் கோட்டுக்குள் விழுந்த அடி அங்கே வேலியில் போய் மோதும். சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் மாட்ரிட்டிலேயே பந்து பறக்கிறது என்று மண் தள ஆட்டக்காரர்கள் புலம்புவார்கள். சர்வதேச விதியில் 1,219 மீட்டருக்கு மேல் ஆடத் தனிப் பந்தே உண்டு. அது கிடைக்காவிட்டால், சிறுவர் பயிற்சிக்கான பச்சைப் புள்ளிப் பந்தை எடுத்துப் போங்கள். சாதாரணப் பந்தைவிடக் கால் பங்கு மெதுவானது. கீழே இறங்கியதும் இரண்டு நாள் பந்தெல்லாம் குட்டையாக விழும். அதைப் பார்த்துப் பதறி அடியை மாற்ற வேண்டாம்.

மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்ததும் ஓட்டப் பயிற்சி ஆசை வரும். பஸ் திரும்பும் வளைவில் பிள்ளைகளை ஓட விடாதீர்கள். உள்ளே எஸ்டேட் பக்கம் வண்டி வராத ஏற்றமாகப் பார்த்து, 30 நொடி ஏறி ஓடி, நடந்து இறங்கி, எட்டு தடவை. இறக்கத்தில் ஓடினால் முழங்கால் வாங்கும் அடி, ஏற்றத்தில் கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும்.

போட்டி

பன்னிரண்டு வயதுப் பிரிவிலிருந்து அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் தரவரிசைப் போட்டிகள் உண்டு. பதிவு எண்ணும் பிறப்புச் சான்றிதழும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பதின்மூன்றிலிருந்து சர்வதேச ஜூனியர், அதன் கீழ்ப்படியான ஜே30-ல் தொடங்கி. அதன்பின் தொழில்முறைப் போட்டிகளான எம்15, எம்25, சேலஞ்சர் என்று ஏணி. இந்தியாவில் பெரும்பாலான போட்டிகள் கடினத் தளத்தில்தான். ஆகவே போட்டிக்குப் பத்து நாள் முன்பே மண் பட்டையை விட்டு சிமென்டுக்கு மாறிவிட வேண்டும். மண்ணில் வளர்ந்தவர் கடினத் தளத்தில் ஜெயிக்க முடியாது என்பதெல்லாம் இல்லை. நுங்கம்பாக்கத்தின் கடினத் தளத்தில் நடந்த சென்னை ஓபனில் ஸ்பெயினின் கார்லோஸ் மோயா 2004, 2005 இரண்டு வருடமும் பட்டம் வாங்கினார். இன்னொரு ஸ்பெயின்காரர் ராபர்ட்டோ பவுதிஸ்தா அகூட் 2013-ல் அங்கே இறுதியில் தோற்று, 2017-ல் திரும்பி வந்து அதே பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மாதம் ஒருமுறை பிள்ளையின் ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். வலது ஷூவின் உள் விளிம்பு சீராகத் தேய்ந்து, செங்கல் தூள் வரிப்பள்ளங்களில் அப்பியிருந்தால் சறுக்கு சரியாகப் போகிறது. வெளி விளிம்பு தேய்ந்திருந்தால் எடை தப்பான பக்கம் விழுகிறது, கணுக்கால் எந்த நாளும் மடங்கலாம். அன்றைக்கே கூடையை மூடிவிட்டு, மட்டையில்லாமல் மூன்று அடி நடந்து நான்காவதில் சறுக்குவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.